ஆராதனைக்குப் பிந்தைய காப்பி நேரம்: பொறுப்பெடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் எபிஸ்கோப்பல், லுத்தரன் என்ற கிறிஸ்தவச் சபைகளின் கோயில்களுக்குப் போகும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது நிறைய உண்டு. நான் போவது நியூ ஜெர்சியில் நடுத்தர அளவிலான ஓர் எபிஸ்கோப்பல் கோயிலுக்கு. ஞாயிறு காப்பி நேரத்துக்கு ஆள் சேர்க்கும் பட்டியல் என் கையில் இருக்கிறது. யாராவது பெயர் கொடுத்தால் மறுநாளே தொலைபேசி அடிக்கும். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்துவிட்டேன். நேரமும் சாவியும் கோயிலுக்குக் கோயில் மாறும். மற்றவை பெரிதாக மாறுவதில்லை.

ஆராதனை முடிவில் 'காஃபி அவர்' என்று அறிவிக்கிறார்களே, அது வெறும் காப்பி குடிப்பதுதானா?

காப்பியும் கொஞ்சம் தின்பண்டமும். கடைசிப் பாட்டு முடிந்ததும் சபையார் வாசலில் குருவானவரிடம் கைகுலுக்கிவிட்டுப் பக்கத்து ஹாலுக்கோ கோயிலின் அடித்தளத்துக்கோ போவார்கள். நின்றபடியே அரை மணி, முக்கால் மணி பேசிவிட்டுக் கலைவார்கள். எபிஸ்கோப்பல்காரர்கள் இதை எட்டாவது சாக்கிரமெந்து, அதாவது திருச்சடங்கு, என்றும், இரண்டே சாக்கிரமெந்துகளை ஏற்கும் லுத்தரன்காரர்கள் மூன்றாவது என்றும் சொல்லிச் சிரிப்பதுண்டு. சிரிப்பில் பாதி உண்மை.

நெல்லைப் பக்கத்திலிருந்து வருபவர்கள் இதை அசனத்தோடு சேர்த்து நினைத்துக் குழம்பிவிடுகிறார்கள். அசனம் என்பது சபையே கூடிச் சமைத்து, பந்தி போட்டு, வயிறார உண்ணும் பண்டிகைச் சாப்பாடு. அங்கே சோறுதான் நிகழ்ச்சி. இங்கே தின்பது ஒரு சாக்கு. கையில் சூடான கப் இருந்தால் ஆள் உடனே காரை நோக்கி நடக்கமாட்டார். பக்கத்தில் நிற்பவரிடம் நாலு வார்த்தை பேசுவார். கீழே வரும் கேள்விகளில் பாதி, இதை மறப்பதால் வருபவை.

நாங்கள் இன்னும் உறுப்பினராகப் பதியவில்லை. ஊரில் சி.எஸ்.ஐ. பெயர் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுக்கலாம். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் உருவான சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை, உலக ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் ஓர் அங்கம். எபிஸ்கோப்பல் சபையும் அதே ஐக்கியத்தில்தான் இருக்கிறது. ஆகவே நீங்கள் இங்கே விருந்தாளிகூட அல்ல, உறவுக்காரர். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையிலிருந்து லுத்தரன் கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

உண்மையில் இவ்வளவு விளக்கம் தேவையே இல்லை. காப்பி போடுகிறவரிடம் ஞானஸ்நானச் சான்றிதழை யாரும் கேட்பதில்லை. எங்கள் ஹாலில் தட்டு அடுக்குவதில் முதல் ஆளாக நிற்பவர்களில் இந்துக் கணவர்களும் உண்டு.

எத்தனை மணிக்கு வர வேண்டும்? ஆராதனையைத் தவறவிட வேண்டியிருக்குமா அக்கா?

பத்து மணி ஆராதனை என்றால் ஒன்பதுக்கு வந்தால் போதும். மேசை விரிப்பு, கப், சர்க்கரை, கைத்துடைப்பான் எல்லாவற்றையும் எடுத்து வைத்து, காப்பிப் பாத்திரத்தில் தண்ணீரும் தூளும் போட்டுத் தயாராக்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் கோயிலுக்குள் நுழையும் முன் போடுங்கள். ஒன்பதுக்கே போட்டுவிட்டால், பிரசங்கம் முடிவதற்குள் காப்பி வெந்து கசந்துபோகும்.

உள்ளே பின்வரிசையில், ஓரமாக உட்காருங்கள். திருவிருந்தில் அப்பமும் ரசமும் பெற்றதும் இருக்கைக்குத் திரும்பாமல் அப்படியே ஹாலுக்குப் போய்விடலாம். அது இங்கே பழகிப்போன காட்சி, யாரும் தவறாக நினைப்பதில்லை. இரண்டு பேராகப் பொறுப்பெடுத்தால் ஒருவர் கடைசி ஆசீர்வாதம் வரை இருக்கலாம். உங்கள் பிள்ளை பாடகர் குழுவில் பாடும் ஞாயிற்றை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

எத்தனை பேருக்குக் காப்பி போடுவது? கணக்கே பிடிபடவில்லை.

வருகையை எண்ணுவது வாசலில் நிற்கும் பணிவிடைக்காரர்களின் வேலை. எபிஸ்கோப்பல் கோயில்களில் ஒவ்வொரு ஆராதனைக்கும் வந்தவர்களின் எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதுவார்கள். அலுவலகத்தில் கேட்டால் கடந்த ஆண்டு இதே வாரம் எத்தனை பேர் வந்தார்கள் என்பதுகூடத் தெரியும். வந்தவர்கள் அனைவரும் ஹாலுக்கு வருவதில்லை. வருகிறவர்கள் அனைவரும் காப்பி குடிப்பதும் இல்லை.

குழப்பம் எங்கே என்றால், பாத்திரத்தின் மேல் எழுதியிருக்கும் எண்ணில். '100 கப்' என்று போட்டிருந்தால் அது 5 அவுன்ஸ் கப், அதாவது 150 மில்லி. மொத்தம் 15 லிட்டர். நாம் வைக்கும் காகிதக் கப் 8 அவுன்ஸ் பிடிக்கும். ஆள் ஒருவர் ஏறக்குறைய 200 மில்லி ஊற்றிக்கொள்வார். ஆக நூறு கப் பாத்திரத்தில் எழுபத்தைந்து பேருக்குத்தான் வரும். அறுபது பேர் தங்கும் கோயிலில், சிலர் இரண்டாம் முறை ஊற்றிக்கொள்வதையும் சேர்த்தால், அதுவே சரியான அளவு. தூள் அரைக் கிலோவுக்குச் சற்று மேல் பிடிக்கும். பாத்திரத்தோடு வந்த குறிப்பை யாராவது அலமாரிக் கதவில் ஒட்டியிருப்பார்கள். என் வார்த்தையைவிட அதை நம்புங்கள்.

தூளை நீங்கள் வாங்க வேண்டியதில்லை. பெரும்பாலான கோயில்கள் அலமாரியில் இருப்பு வைத்திருக்கும். விவசாயக் கூட்டுறவுகளிடமிருந்து நியாய விலைக்கு வாங்கிய காப்பியாக அது இருக்கலாம். ஈக்வல் எக்ஸ்சேஞ்ச் என்ற நிறுவனம் 1996இல் லுத்தரன் உலக நிவாரண அமைப்போடு சேர்ந்து கோயில்களுக்கென்றே ஒரு காப்பித் திட்டம் தொடங்கியது. பிற சபைகளும் பின்னர் சேர்ந்துகொண்டன. விலை மலிவாக இருக்கிறதே என்று கடையில் வேறு தூள் வாங்கி வந்தால், யாராவது உங்களைத் தனியே அழைத்து மெல்ல விளக்குவார்கள்.

அந்தப் பெரிய மின்பாத்திரத்தைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. எப்படி இயக்குவது?

உள்ளே ஒரு குழாய், குழாயின் மேல் முனையில் துளையிட்ட கூடை. அடியில் கொதிக்கும் தண்ணீர் குழாய் வழியே ஏறிக் கூடையிலுள்ள தூளின் மேல் விழுந்து வடிந்து, மறுபடியும் ஏறும். குளிர்ந்த நீரில்தான் தொடங்க வேண்டும். நேரத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்து வெந்நீர் ஊற்றினால், உள்ளிருக்கும் வெப்பக் கட்டுப்பாடு வேலை முடிந்துவிட்டதென்று சீக்கிரமே நிறுத்திவிடும். வெளிறிய நீர்தான் கிடைக்கும். கொரகொரப்பாக அரைத்த தூள் வேண்டும். நைசான தூள் கூடையை அடைத்துக்கொண்டு கப்பில் மண்டியாக இறங்கும். காப்பி தயாராக, கப்புக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவு என்று உத்தேசமாக வைத்துக்கொள்ளலாம். சுவிட்ச் போடும் நேரத்தை மேலே சொன்னது இந்தக் கணக்கில்தான்.

முக்கியமான விஷயம் மின்சாரம். பெரிய பாத்திரம் ஒன்று 1500 வாட் வரை இழுக்கும். இங்கே 120 வோல்ட், 15 ஆம்பியர் இணைப்பு தாங்குவது 1800 வாட். சாதாரணக் காப்பிக்கு ஒன்று, காஃபின் நீக்கியதற்கு ஒன்று என்று இரண்டையும் ஒரே சுவரில் பக்கத்துப் பக்கத்தில் செருகினால் பிரேக்கர் விழுந்துவிடும். நீங்கள் உள்ளே பாடிக்கொண்டிருப்பீர்கள். இரண்டுமே ஆறிக் கிடக்கும். எந்தச் செருகிகள் தனித்தனி இணைப்பு என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். காலியான பாத்திரத்தைச் சூட்டில் விடக் கூடாது. முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

காஃபின் இல்லாத காப்பி எதற்கு? யார் குடிப்பார்கள்?

வயதானவர்களும் இதய மருந்து சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் கேட்பார்கள். கொஞ்சமாகவாவது வையுங்கள். ஆரஞ்சு நிறக் கைப்பிடியோ ஆரஞ்சுச் சீட்டோ இருந்தால் அது காஃபின் நீக்கியது என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். சாங்கா என்ற பழைய காப்பி பிராண்டின் ஆரஞ்சு நிறத்திலிருந்து வந்த வழக்கம் அது. இரண்டையும் மாற்றி வைத்துவிடாதீர்கள்.

நம் ஃபில்டர் காப்பி கொடுத்தால் என்ன? இந்த வெந்நீரை எப்படித்தான் குடிக்கிறார்களோ!

கொடுக்கலாம், ஆனால் கூடுதலாக மட்டும். அவர்களுடைய காப்பியை எடுத்துவிட்டு நம்முடையதை வைக்கும் யோசனையைக் கைவிடுங்கள். பாலும் சர்க்கரையும் சேர்க்காமல் நாற்பது ஆண்டுகளாகக் கறுப்புக் காப்பி குடிக்கும் ஒருவர், ஞாயிறு காலையில் அதை எதிர்பார்த்துத்தான் வருகிறார்.

நம் தூளைப் பெரிய மின்பாத்திரத்தில் போடாதீர்கள். மேலே சொன்னபடி நைசான தூள் அடைத்துக்கொள்ளும், சிக்கரி சேர்ந்தால் இன்னும் மோசம். அதில் பால் காய்ச்சும் எண்ணம் அறவே வேண்டாம். அடிப்பிடித்துத் தீய்ந்த வாடை அடுத்த ஆண்டு வரை போகாது. டிகாக்ஷனை வீட்டிலேயே இறக்கி ஃபிளாஸ்கில் கொண்டுவாருங்கள். பாலை அடுப்பில் காய்ச்சி, மெதுவாகச் சமைக்கும் மின்சட்டியில் சூடாக வைத்துக்கொள்ளலாம். ஒரு கேலன் பால், அதாவது 3.8 லிட்டர் இருந்தால், சின்னக் கப்பில் நூறு மில்லி வீதம் முப்பத்தைந்து பேருக்கு வரும். ஆற்றிக் காட்டினால் பிள்ளைகள் கூட்டமாக வந்து நிற்பார்கள். தரைவிரிப்பு இல்லாத இடத்தில் நின்று ஆற்றுங்கள்.

சிக்கரி என்றால் என்னவென்று கேட்பவர்களிடம் நியூ ஆர்லியன்ஸ் காப்பியைச் சொல்லுங்கள். அங்கேயும் சிக்கரிதான், பாலும்தான். உடனே புரிந்துவிடும்.

மினசோட்டாவுக்கு மாறிப் போகிறோம். அங்கே லுத்தரன் கோயில்களில் காப்பியில் முட்டை போடுவார்களாமே, உண்மையா?

உண்மைதான். ஸ்காண்டிநேவியாவிலிருந்து குடியேறியவர்களின் சந்ததியார் அங்கே அதிகம். காப்பித் தூளில் ஒரு முட்டையை ஓட்டோடு நசுக்கிப் பிசைந்து கொதிநீரில் போடுவார்கள். முட்டை வெந்து தூளைக் கட்டியாகப் பிடித்துக்கொள்ளும். மேலே கொஞ்சம் குளிர்ந்த நீர் விட்டால் கட்டி அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்து நிற்கும் காப்பியில் கசப்பு குறைவு, முட்டை வாடையும் இருக்காது. மினசோட்டா மாநிலப் பொருட்காட்சியில் சேலம் லுத்தரன் சபையின் சாப்பாட்டுக்கூடத்தில் இன்றும் இதை விற்கிறார்கள். பெயரைப் பார்த்து நம் சேலம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், அது வேதாகமச் சாலேம்.

இப்போது எல்லாக் கோயிலிலும் இப்படிச் செய்வதில்லை. சைவக்காரர்கள் போன இடத்தில் ஒரு முறை கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

தின்பதற்கு என்ன வைக்கலாம்? வடை, கேசரி, முறுக்கெல்லாம் சாப்பிடுவார்களா?

வடையைக் காரமான டோனட் என்று சொல்லி வைத்துப் பாருங்கள், தட்டு காலியாகிவிடும். பச்சை மிளகாயைக் குறைத்து, மிளகை உடைத்துப் போடுங்கள். கேசரி போகும், சின்னக் காகிதக் கிண்ணங்களில் வைத்தால் வேகமாகப் போகும். முறுக்கு எப்போதுமே வெற்றி. சட்னி, சாம்பார், கரண்டி, தட்டு, உட்கார இடம் என்று கேட்கும் எதுவும் வேண்டாம். ஒரு கையில் கப் இருக்கிறது. மறு கையால் எடுத்து இரண்டு கடியில் முடிவதுதான் இங்கே செல்லும்.

நம் பலகாரம் ஒன்று போதும். மற்றவை இவர்களுக்குப் பழகியவையாக இருக்கட்டும்: வெட்டிய பழம், சீஸும் பிஸ்கட்டும், கடையில் வாங்கிய கேக். திராட்சையைச் சின்னப் பிள்ளைகளுக்காக நீளவாக்கில் கீறி வையுங்கள். முழுத் திராட்சை தொண்டையில் அடைக்கும்.

ஒவ்வாமை ஒவ்வாமை என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

இதில் நான் கறார். அமெரிக்கச் சட்டம் பொட்டல உணவுகளுக்கு ஒன்பது பொருள்களைப் பெரிய ஒவ்வாமைப் பொருள்களாக வைத்திருக்கிறது: பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா, எள். எள் 2023 ஜனவரி 1 முதல் சேர்ந்தது. அந்தச் சட்டம் உங்கள் வீட்டு முறுக்கைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஹாலில் ஓடும் ஐந்து வயதுக் குழந்தையின் உடலுக்குச் சட்டம் தெரியாது.

நம் பலகாரங்களில் இவை கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும். முறுக்கில் எள். மிக்சரில் வேர்க்கடலையும் முந்திரியும். கேசரியில் முந்திரி, நெய், கோதுமை ரவை. பொரித்த எண்ணெய் கடலை எண்ணெயாக இருக்கலாம். யாரும் நினைக்காத ஒன்று பெருங்காயம்: கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். உளுந்து வடையில் கோதுமையே இல்லை என்று குளூட்டன் என்ற கோதுமைப் புரதம் ஒவ்வாத ஒருவருக்கு நம்பிக் கொடுத்தால், ஒரு சிட்டிகைப் பெருங்காயம் அவரைப் படுக்கையில் தள்ளலாம். தட்டுக்குப் பக்கத்தில் பெயரும், சேர்த்த பொருள்களும் எழுதிய அட்டை வையுங்கள். "இதில் கொட்டை இல்லை" என்று வாயால் உத்தரவாதம் தராதீர்கள். அட்டையைக் காட்டுங்கள், முடிவு அவர்களுடையது. பல கோயில்கள் கொட்டை வகையையே ஹாலில் அனுமதிப்பதில்லை; உங்கள் கோயில் அப்படியென்றால் முந்திரிக்குப் பதில் உலர்திராட்சை போட்டாலே கேசரி நன்றாகத்தான் இருக்கும்.

வீட்டில் சமைத்ததை எவ்வளவு நேரம் வெளியே வைக்கலாம்?

கெட்டுப்போகக்கூடியவை எதுவானாலும் மொத்தம் இரண்டு மணி நேரம். வெயில் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் நாளில் தோட்டத்தில் வைத்தால் ஒரு மணி நேரம். 40 டிகிரிக்கும் 140 டிகிரிக்கும் நடுவில், அதாவது நம் கணக்கில் 4 முதல் 60 செல்சியஸ் வரை, கிருமி வேகமாகப் பெருகும். இரண்டு மணி நேரம் என்பது நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து தொடங்குகிறது, மேசையில் வைத்ததிலிருந்து அல்ல. சீஸ், பால், முட்டை சாண்ட்விச் ஆகியவற்றை ஆராதனை முடியும் வரை குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். முறுக்கும் பிஸ்கட்டும் எத்தனை மணி நேரமும் இருக்கும். வீட்டுச் சமையல் குறித்துச் சில ஊர்களில் தனி விதிகள் உண்டு. கோயில் அலுவலகத்துக்கு அது தெரியும்.

செலவு யாருடையது? ரசீது கேட்டால் கஞ்சத்தனம் என்று நினைப்பார்களோ?

காப்பி, கப், சர்க்கரை கோயில் செலவு. தின்பண்டம் பெரும்பாலும் பொறுப்பெடுத்தவர் செலவு. சில கோயில்களில் மேசையில் கூடை வைத்து விருப்பக் காணிக்கை வாங்குவார்கள். ரசீதைப் பொருளாளரிடம் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்வது முற்றிலும் சாதாரணம். மாணவர்களும் வேலை இழந்தவர்களும் இதற்காகவே பின்வாங்குவதைப் பார்த்திருக்கிறேன், பின்வாங்க வேண்டாம். திரும்ப வாங்காத செலவை, வரிக் கணக்கில் கழிவுகளைத் தனித்தனியே காட்டுபவர்கள் நன்கொடையாகக் காட்ட வழி உண்டு. உழைத்த நேரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

போன வாரம் பொறுப்பெடுத்த வீட்டார் பிரியாணியே போட்டுவிட்டார்கள். நான் பிஸ்கட் வைத்தால் கேவலமாக இருக்காதா?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தத் தொகுப்பையே தொடங்கினேன். பிரியாணி ருசியாகவே இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு அடுத்த வாரங்களில் பட்டியலில் யாரும் பெயர் எழுதுவதில்லை. தனியாக வாழும் எழுபது வயது அம்மையார், இரண்டு வேலை பார்க்கும் ஒற்றைப் பெற்றோர், விடுதியில் தங்கியிருக்கும் கல்லூரி மாணவி ஆகியோர் பிரியாணியைப் பார்த்துவிட்டு, இது நம்மால் ஆகாது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஒரு வீட்டின் தாராளம் பத்து வீட்டின் வாயை அடைத்துவிடுகிறது. கல்யாண வீட்டு மொய் மாதிரி ஏறிக்கொண்டே போகிற விஷயம் இது. முதலில் ஏற்றியவருக்கு அது தெரிவதே இல்லை.

இன்னொன்றும் நடக்கிறது. பிரியாணி வந்தால் வரிசை வருகிறது, வரிசை வந்தால் ஆட்கள் தட்டோடு உட்கார்ந்துவிடுகிறார்கள், பேச்சு நின்றுவிடுகிறது. முதல் கேள்வியில் சொன்ன சாக்கு, நிகழ்ச்சியாகிவிடுகிறது. கொரிந்து சபையில் சிலர் முந்திக்கொண்டு தின்ன, சிலர் பசியோடு நின்றதைப் பவுல் கண்டித்து எழுதியதை நாம் வாசித்திருக்கிறோம்; கூடி உண்ணும் இடத்தில் பகட்டு நுழைந்தால் என்ன ஆகும் என்பது புதிய செய்தி அல்ல. பிரியாணி போட ஆசை இருந்தால் ஈஸ்டருக்கோ அறுப்பின் பண்டிகைக்கோ, எல்லோரும் ஆளுக்கொன்று கொண்டுவரும் நாளில் போடுங்கள். சாதாரண ஞாயிற்றில் பிஸ்கட் வையுங்கள். தைரியமாக வையுங்கள்.

என் ஆங்கிலம் சுமார்தான். இவர்களோடு என்ன பேசுவது? வயதானவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்கிறார்களே!

மேசைக்குப் பின்னால் நிற்பவருக்கு இதில் ஒரு வசதி. "காப்பியா, தேநீரா", "இது என்ன பலகாரம்" என்று பேச்சு தானாக உங்களிடம் வரும். கூச்சம் உள்ளவர்களுக்கு இந்த வேலையை நான் பரிந்துரைப்பதே இதனால்தான். பெயர் விஷயத்தில், எண்பது வயதுக்காரர் தன்னை டிக் என்று கூப்பிடச் சொன்னால் டிக் என்றே கூப்பிடுங்கள். நாக்கு வரவில்லை என்றால் 'மிஸ்டர்' சேர்த்துக்கொள்ளுங்கள், அவர் சிரித்துக்கொள்வார். கோயிலில் ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பங்களும் கரீபியன் குடும்பங்களும் இருந்தால், அங்கே பெரியவர்களை மரியாதை அடைமொழியோடு அழைக்கும் வழக்கம் நம்மைப் போலவே உண்டு. கவனித்து நடந்துகொள்ளுங்கள்.

தமிழர்கள் எல்லோரும் ஒரே மூலையில் கூடிவிடுகிறோம். அது தவறா?

வாரம் முழுக்க ஆங்கிலம் பேசியவர்கள் ஞாயிற்றுக்கிழமை தமிழ் பேச ஏங்குவது இயல்பு. ஆனால் பொறுப்பெடுத்த வாரத்தில் நீங்கள் அந்த மூலைக்குப் போகக் கூடாது. சில சபைகளில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது: ஆராதனை முடிந்த முதல் மூன்று நிமிடம் தெரிந்தவர்களிடம் பேசாமல், தெரியாத ஒருவரிடம் பேசுவது. மூன்று நிமிடம் கழித்து மூலைக்குப் போகலாம்.

கையில் கப்போடு அறிவிப்புப் பலகையையே வெகுநேரம் படித்துக்கொண்டிருப்பவர் புதியவர். அந்தப் பலகையில் அவ்வளவு படிக்க ஒன்றும் இல்லை. அவரிடம் போங்கள்.

ஆராதனைக்கே வராமல், சாப்பிட மட்டும் ஒருவர் வருகிறார். பையில் வேறு எடுத்துப் போகிறார். என்ன செய்வது?

கொடுங்கள். பசியோடு வந்தவரிடம் வருகைப் பதிவு கேட்க நமக்கு வேலை இல்லை. அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை பெயர் சொல்லி அழையுங்கள். பையில் எடுப்பது சங்கடமாகத் தெரிந்தால், நீங்களே ஒரு டப்பாவில் போட்டு முன்கூட்டியே கொடுத்துவிட்டால் சங்கடம் தீர்ந்தது. யாரையாவது மிரட்டுவதாகவோ, நிதானம் இழந்திருப்பதாகவோ தெரிந்தால் அது வேறு. நீங்கள் தலையிடாமல் குருவானவரையோ சபை மூப்பர்களையோ அழையுங்கள்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களில் காப்பி நேரம் உண்டா?

பெரும்பாலும் உண்டு, எளிமையாக. லெந்தின் நாற்பது நாள் கணக்கில் ஞாயிற்றுக்கிழமைகள் சேராது என்பதால் தடை ஒன்றும் இல்லை. சில கோயில்களில் வெறும் காப்பியும் ரொட்டியும் மட்டும் வைப்பார்கள். யாரிடமும் கேட்காமல் கேக் கொண்டுவராதீர்கள்.

சமையலறையில் ஒரு வயதான அம்மையார் நான் செய்வதை எல்லாம் திருத்திக்கொண்டே இருக்கிறார். பொறுக்க முடியவில்லை.

எல்லாக் கோயிலிலும் ஒருவர் இருப்பார். அவர் திருத்துவதில் முக்கால்வாசி சரியாக இருக்கும். எந்தச் செருகி எந்த இணைப்பு என்ற ரகசியமும் அவருக்குத்தான் தெரியும். இழுப்பறைகளை உங்கள் வசதிக்கு மாற்றி அடுக்காதீர்கள். ஆரம்பத்திலேயே போய், "நீங்கள் எப்படிச் செய்வீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள். ஊரில் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்குட்டியாரைப் பகைத்துக்கொண்டு யாராவது ஒரு கல்யாணத்தை ஒழுங்காக நடத்தியதுண்டா?

பாத்திரம் கழுவும் தொட்டியில் கூட்டமாக இருந்தது. பலிபீடத்துக்குப் பக்கத்து அறையில் சின்னத் தொட்டி ஒன்று சும்மாதானே இருக்கிறது?

அதைத் தொடாதீர்கள். திருவிருந்துப் பாத்திரங்களைக் கழுவுவதற்கென்றே இருப்பது அது. அந்த நீர் சாக்கடைக்குப் போகாமல் நேராக மண்ணில் இறங்கும்படி குழாய் அமைத்திருப்பார்கள். அதில் காப்பி மண்டியைக் கொட்டினால் அடைப்பு மட்டும் அல்ல, பெரிய மனவருத்தமும் வரும்.

காப்பி மின்பாத்திரத்தைத் தொட்டியில் முழுக்காட்டவும் கூடாது, அடியில் மின்கம்பி இருக்கிறது. ஆறிய பின் உள்ளே மட்டும் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வையுங்கள். வெள்ளை நுரைக் கப் வாங்க நினைத்தால், நியூ ஜெர்சியில் 2022 மே முதல் அதற்குத் தடை. கோயிலில் பீங்கான் கப்கள் இருந்தால் அவற்றை எடுங்கள். கழுவ நாலு பேர் சேர்ந்து நிற்கும் இடத்தில்தான் நிஜமான பேச்சு நடக்கிறது.

மிஞ்சியதை என்ன செய்வது?

தனியாக வசிப்பவர்களுக்குக் கட்டிக் கொடுங்கள். உணவு வங்கிகள் பெரும்பாலும் பிரிக்காத பொட்டலங்களையே வாங்கும். குளிர்பெட்டியில் பெயரும் தேதியும் இல்லாமல் எதையும் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

அந்த ஞாயிறு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிட்டால்?

வராதீர்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் உங்களுக்கே குணமாகிவிட்டாலும் இரண்டு நாள் கழியும் வரை பிறருக்கான உணவைத் தொடக் கூடாது. சனிக்கிழமை இரவே சொல்லிவிட்டால் யாராவது பிஸ்கட் வாங்கி வந்துவிடுவார்கள். பிரியாணி வழக்கமாகிவிட்ட கோயிலில் இப்படி ஒருவரைக் கடைசி நேரத்தில் பிடிக்கவே முடியாது என்பதையும் கவனியுங்கள்.

ஒரு முறை ஒப்புக்கொண்டால் மாதாமாதம் என் தலையில் கட்டிவிடுவீர்களா அக்கா?

முயற்சி செய்வேன், ஒளிக்கவில்லை. முடியாது என்று சொன்னால் வருத்தப்படமாட்டேன். வருடத்துக்கு இரண்டு ஞாயிறு எடுக்கும் இருபது வீடுகள், மாதாமாதம் எடுத்துக் களைத்துப்போகும் இரண்டு வீடுகளைவிட எனக்கு மேல். நீங்கள் எடுக்கும்போது புதிதாக வந்த ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டால், மின்பாத்திரத்தைப் பற்றி அவருக்கு நான் தொலைபேசியில் விளக்க வேண்டியிருக்காது. பட்டியலிலிருந்து பெயரை நீக்கினால் எனக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். அந்த வாரத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்.